ஒற்றை விரலும் ஒரு விசைப்பலகையும்: ஷுமின் ஜாயின் ஆய்வுப் பயணம்

கைபேசித் திரையில் விரலை எடுக்காமல், எழுத்துக்களின் மேல் இழுத்துக்கொண்டே போய் ஒரு சொல்லை எழுதி முடிக்கும் முறை இன்று பலருக்கும் கைவந்திருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஷுமின் ஜாயின் பெயர், கணினி படிக்கும் மாணவர்களுக்குக்கூட அவ்வளவாகத் தெரிவதில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகில், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பழகி வந்த பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் சொல்லித்தருபவன் என்ற முறையில், அவருடைய ஆய்வுகளைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். தமிழ் உள்ளீட்டைப் பற்றி நாம் போடும் சண்டைகளில் பாதிக்கு அந்த ஆய்வுகளில் விடை இருக்கிறது என்பது என் கருத்து.

சீனாவில் பிறந்த ஜாய், 1995இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். முப்பரிமாண வெளியில் ஒரு பொருளை நகர்த்தவும் திருப்பவும் எந்த வகைக் கருவி கைக்கு இசைவானது என்பதே அவருடைய ஆய்வுப்பொருள். 1996இல் ஐபிஎம் நிறுவனத்தின் அல்மடென் ஆய்வகத்தில் சேர்ந்தவர், 2011இல் கூகுளுக்கு மாறும்வரை அங்கேதான் இருந்தார். ஜானி அக்கோவுடன் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வு, குறுகலான ஒரு பாதைக்குள் சுட்டியை வழுவாமல் ஓட்டிச்செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதைக் கணக்கிட்டுச் சொன்னது. 1999இல், கண் பார்க்கும் இடத்துக்குச் சுட்டி தானாகவே வந்து நிற்க, மிச்ச வேலையைக் கை முடித்துவைக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்துகாட்டினார். இவற்றை விரித்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும் என்பதால் எழுத்து உள்ளீட்டுக்கு வருகிறேன்.

அது கையடக்கக் கணினிகளும் எழுத்தாணிகளும் புழக்கத்தில் இருந்த காலம். பத்து விரல்களால் தட்டிப் பழகிய குவெர்ட்டி பலகையை, அதாவது வழக்கமான ஆங்கில விசைப்பலகையை, ஒரே ஒரு எழுத்தாணி முனையால் தட்டவேண்டியிருந்தது. தொலைவு கூடக்கூடவும் இலக்கு சிறுக்கச்சிறுக்கவும் கைக்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பதை பால் ஃபிட்ஸ் 1954இலேயே சூத்திரமாக்கிவிட்டார். அந்தச் சூத்திரத்தையும், ஆங்கிலத்தில் எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்னும் கணக்கையும் சேர்த்துவைத்துக்கொண்டு, ஜாயும் அவருடைய கூட்டாளிகளும் 2000ஆம் ஆண்டில் புதிய விசைப்பலகைகளை வடிவமைத்தார்கள். விசைகளை ஒரு மூலக்கூறின் அணுக்களாகப் பாவித்து, இயற்பியலாளர்கள் கையாளும் மெட்ரோபொலிஸ் வழிமுறையால் அவற்றைக் குலுக்கிக் குலுக்கி, எழுத்தாணி மொத்தத்தில் மிகக் குறைவாக அலையும் அமைப்பைத் தேடினார்கள். அடிக்கடி இணைந்து வரும் எழுத்துக்கள் அக்கம்பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. இடைவெளி விசை நடுவுக்கு வந்தது.

கணக்குப்படி பார்த்தால் குவெர்ட்டி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அதைப் பழக யார் முன்வருவார்கள்? ஜாயின் மேல் எனக்கு மதிப்புக் கூடியது இந்த இடத்தில்தான். மக்கள் சோம்பேறிகள் என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. பழகும் உழைப்பையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். பெர் ஓலா கிறிஸ்டென்சனுடன் சேர்ந்து 2003இலும் 2004இலும் வெளியிட்ட ஆய்வுகளில், விசைகளைத் தட்டுவதற்குப் பதிலாக அவற்றை இணைத்துக் கோடு இழுக்கும் முறை பிறந்தது. தொடக்கத்தில் அது அவர்களுடைய சொந்தப் பலகையின் மேல்தான் ஓடியது. ஷேப்ரைட்டர் என்ற பெயரில் பொதுமக்கள் கைக்கு வந்தபோது குவெர்ட்டியின் மேலேயே ஓடியது.

அதன் நுட்பம் இதுதான்: புதிதாக வருபவர் எழுத்தைத் தேடித்தேடி விரலை இழுக்கிறார், அதே சொல்லைப் பலமுறை இழுத்தபின் அந்தக் கோட்டின் உருவம் கையில் தங்கிவிடுகிறது. ஊர்ப்பாதையில் நடக்க நடக்கக் கால் தானாகத் திரும்புவதைப் போல, தேர்ந்தவரும் தொடக்கக்காரரும் செய்வது ஒரே அசைவாகவே இருக்கிறது. இடையில் இன்னொரு முறைக்குத் தாவ வேண்டிய தேவையே இல்லை. எல்லா எழுத்தின் மேலும் துல்லியமாகப் போகவேண்டியதும் இல்லை. கோட்டின் வடிவம், அது திரையில் விழுந்த இடம், அகராதியில் அந்தச் சொல்லுக்குள்ள வாய்ப்பு ஆகியவற்றை ஒருசேரப் பார்த்தே கருவி தீர்மானிக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி பேச்சு நடுவே திரையைப் பாராமலேயே இழுத்து எழுதுவதைக் கண்டு கேட்டபோது, “எழுத்தை எங்கே சார் பாக்கறேன், கை தானாப் போகுது” என்றாள்.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த இணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை, கணினி மேசைக்கு மிக நல்ல அமைப்பு. உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கின்றன. ஒரே மெய் இரட்டித்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுகிறது. ‘பாட்டு’ என்பதற்கு ஐந்து தட்டு போதும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த இன்ஸ்கிரிப்ட் பலகையில் ஆறு வேண்டும், ஆனால் அதற்கு வேறொரு தகுதி உண்டு. இங்கே சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய தட்டச்சுக் கடைகளில், காலையில் மலையாளத்தில் ஆதாரம் (சொத்துப் பத்திரம்) அடித்த அதே கை மாலையில் தமிழில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறது. மலையாளத்தில் ‘பாட்ட்’ என்று எழுதத் தட்டும் முதல் ஐந்து விசைகளும் தமிழ்ப் ‘பாட்டு’க்குத் தட்டுபவையே, கடைசி விசை மட்டும் மாறும். எல்லை ஊரில் பிழைப்பவருக்கு ஒரு தட்டு மிச்சமாவதைவிட இது பெரிய லாபம். எது சிறந்தது என்று சென்னையில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்பவர்கள் இந்தக் கடைகளுக்குள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

இரண்டு அமைப்புகளுக்கும் பொதுவான சிறப்பு, கைகள் மாறிமாறி வேலை செய்வது. அதே சிறப்பு ஒற்றை விரலுக்கு வந்ததும் சுமையாகிவிடுகிறது. இன்ஸ்கிரிப்டின் ‘பாட்டு’வை விரலால் இழுத்துப் பார்த்தால், வலமும் இடமுமாக ஐந்து முறை போய்வர வேண்டும். ஃபிட்ஸின் சூத்திரப்படி இதைவிடச் செலவான அமைப்பைத் தேடிப்பிடிப்பதுகூடக் கடினம்.

தமிழ்99இல் வேறொரு சிக்கல் இருக்கிறது. இழுக்கும் கோட்டில் ஒரே விசையை இரண்டு முறை தட்டியது தெரியாது. ஆங்கிலத்திலும் இந்தக் குறை உண்டு, ஆனால் அங்கே சிக்கும் சொற்கள் சில. தமிழிலோ ‘எடு’, ‘எட்டு’ இரண்டும் ஒரே கோடு. ‘விடு’, ‘விட்டு’ ஒரே கோடு. ‘பாடு’, ‘பாட்டு’ ஒரே கோடு. தட்டும்போது வேலையைக் குறைத்த இரட்டிப்பு விதி, இழுக்கும்போது சொற்களை ஒன்றோடொன்று மயங்க வைக்கிறது. முன்பின் சொற்களைப் பார்த்துத்தான் கருவி பிரித்தறிய வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர்கள், ‘டு’வுக்கு ஓர் எழுத்தும் ‘ட்டு’வுக்கு வேறோர் எழுத்தும் போடுவதால், இந்தச் சிக்கலில் இருந்து தெரியாமலேயே தப்பித்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தைத் தமிழ்ப் பற்றின்மை என்று திட்டுபவர்கள் கைக்குள்ள இந்த நியாயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அகராதியும் தனித் தலைவலிதான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மாதிரிக் கோடு என்பது ஜாயின் முறைக்கு அடிப்படை. வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒட்டி ஒட்டி ஒரு வினையடியே எண்ணற்ற சொற்களாக விரியும் தமிழில், ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பதை ஒரே மூச்சில் யாரும் இழுக்கப்போவதில்லை. வேர்ச்சொல்லை ஒரு கோடாகவும் விகுதியை இன்னொரு கோடாகவும் இழுத்துச் சேர்க்க வழி செய்தால் பயன்படும் என்று நினைக்கிறேன். இந்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்களுக்கு இதையே செயல்திட்டமாகக் கொடுத்திருக்கிறேன். முதலில் தமிழ்99 கோடுகளில் எந்தெந்தச் சொற்கள் மயங்குகின்றன என்று பட்டியல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பலகையின் அமைப்பில் கைவைப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.