முதல் செமஸ்டர்: சில பக்கங்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்
கால அட்டவணை வந்துவிட்டது. வாரத்துக்கு 17 மணி நேரம்தான் வகுப்பு! பள்ளியில் காலை முதல் மாலை வரை பெஞ்சில் கிடந்தவளுக்கு இது விடுமுறை மாதிரி. செவ்வாய் மதியம் முழுக்கக் காலி. தூங்கலாம் என்று முடிவு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
தூங்கினேன்.
எழுந்ததும் சீனியர் அக்கா ஒருத்தி கணக்குச் சொன்னாள். கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடை. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பாம். அதில் வகுப்பு ஒரு பங்குதான். மீதியை நாமே படிக்க வேண்டும், படித்தாயா என்று கேட்க ஆள் கிடையாது. இன்னொன்றும் சொன்னாள்: 4 கிரெடிட் பாடத்தில் சறுக்கிவிட்டு 1 கிரெடிட் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கினாலும் சராசரி பெரிதாக ஏறாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி
மாணவர் மன்றங்கள் ஆறில் பெயர் கொடுத்திருந்தேன். இப்போது மிச்சம் நாடகம் மட்டும். வாட்ஸ்அப் குழுக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன, 412 செய்திகள் படிக்காமல். முதல் வாரம் எல்லோரும் எல்லோரிடமும் பேசினார்கள்; இப்போது அவரவர்க்கு ஒரு கூட்டம் அமைந்துவிட்ட மாதிரி தெரிகிறது. எனக்குத்தான் இல்லையோ என்று இரவில் தோன்றுகிறது. அறைத்தோழியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

செப்டம்பர் 10, புதன்
முதல் தேர்வு. 25க்கு 11. புத்தகத்தை மூன்று முறை படித்தேன், பாதிப் பக்கம் மஞ்சள் மையில் மின்னுகிறது. இருந்தும் 11.

செப்டம்பர் 12, வெள்ளி
பேராசிரியர் அறை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் விடைத்தாளைப் புரட்டி, நான்காவது கேள்வியில் சிவப்பு வட்டம் போட்டிருந்த இடத்தைக் காட்டினார். "படிகள் எல்லாம் தெரிஞ்சிருக்கு, வரிசைதான் மாறிப்போச்சு. புத்தகத்தை மூடி வெச்சுட்டு ஒரு தடவை எழுதிப் பார்த்தியாம்மா?" இல்லை.
2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையைச் சொன்னார். மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். என் மஞ்சள் பேனா அந்த ஐந்து நிமிடக் கட்சி.
நான் போன அந்த நேரம், மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்பதற்காகவே ஒதுக்கியது என்று கிளம்பும்போது சொன்னார். இதுவரை வந்தது மூன்றே பேராம்.

அக்டோபர் 3, வெள்ளி
ஜெஃப்ரி ஹால் என்பவரின் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200க்கும் மேல் ஆகுமாம். உடனே லேப் தோழியை வைத்துக் கணக்குப் போட்டேன் (எனக்கு வேறு வேலை இல்லை). ஒன்பது வியாழன், தலா 3 மணி நேரம், ஆக 27. ஆனால் சேர்ந்து வேலை செய்யும் நேரத்துக்கு அவ்வளவு மதிப்பில்லையாம். சும்மா கூடியிருக்கும் நேரம்தான் கணக்கு. அப்படியானால் படிக்கட்டில் உட்கார்ந்து அரட்டை அடித்ததுதான் மிஞ்சும். நாலைந்து மணி நேரம் தேறும்.
எட்டு மணிக்கு அவளே வந்தாள், என் கால்குலேட்டரைத் திருப்பித் தர. கதவருகிலேயே நின்று பேச ஆரம்பித்தவள், அப்புறம் கட்டிலில் உட்கார்ந்தாள். போகும்போது மணி பதினொன்று. லேப் ரெக்கார்டு இன்னும் எழுதவில்லை. கால்குலேட்டரையும் மறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.