மூன்று நாடுகளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதிய அனுபவம்

பின்லாந்தில் கல்வியியல் முதுகலை முடித்ததிலிருந்து, அடுத்து வரப்போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுவது எப்படி, தரவு எங்கே கிடைக்கும், தனியாளாக முடியுமா? முடியும், தரவும் இலவசம். ஆனால் எந்த வேலை நேரத்தை விழுங்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் போன வழியை எழுதிவைக்கிறேன்.

பிள்ளைகளை எந்த வயதில் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கிறார்கள், அதைப் பொறுத்து பெற்றோரின் படிப்பும் வசதியும் மதிப்பெண்ணில் எவ்வளவு எதிரொலிக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதிலேயே பிரித்துவிடுகிறார்கள் (பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் ஆறாம் வகுப்பு வரை பொறுக்கிறார்கள்). பின்லாந்தில் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே பள்ளி. 1972இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி 1977இல் ஹெல்சிங்கி வரை படிப்படியாகக் கொண்டுவந்தது. மூன்றாவதாகப் போலந்தைச் சேர்த்தேன், ஏனென்றால் ஒரே நாடு இரண்டு முறை மாற்றியிருக்கிறது. 1999இல் எட்டாண்டுத் தொடக்கப்பள்ளியை ஆறாண்டாகச் சுருக்கி, அதன்மேல் எல்லாருக்கும் பொதுவான மூன்றாண்டு நடுநிலைப்பள்ளியை வைத்து, பிரிக்கும் வயதை ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். 2017இல் பழையபடி எட்டாண்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

இதில் எனக்கு ஈடுபாடு வந்ததற்கு ஊர்க் காரணமும் உண்டு. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் பிசா தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பட்டியலில் கிட்டத்தட்ட அடியில் வந்தோம், கொஞ்ச நாள் தலைப்புச் செய்தியாக ஓடியது, அப்புறம் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. ஜெர்மனிக்கு 2001 டிசம்பரில் முதல் முடிவு வந்தபோது வாசிப்பில் 484, ஓஇசிடி சராசரி 500; அதைவிட வலித்தது, குடும்பப் பின்னணிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள பிணைப்பு மிக இறுக்கமாக இருக்கும் நாடுகளில் தங்கள் நாடும் ஒன்று என்ற செய்தி. வருடக்கணக்கில் விவாதித்தார்கள், முழுநாள் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கினார்கள், நாடு முழுமைக்குமான கற்றல் தரங்களை வகுத்தார்கள். ஆனாலும் சீக்கிரமே பிரிக்கும் பழக்கம் போகவில்லை. ஹாம்பர்கில் அதை ஆறாம் வகுப்புக்குத் தள்ளப் பார்த்தபோது 2010 ஜூலையில் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது.

முதலில் மாணவர்களை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றுதான் திட்டம். பின்லாந்தில் பள்ளிகளில் ஆய்வு செய்ய நகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். ஜெர்மனியில் கல்வி மாநிலங்களின் கையில் இருப்பதால் 16 மாநிலங்களுக்கும் தனித்தனி நடைமுறை, தனித்தனிப் படிவம், அதோடு தரவுப் பாதுகாப்பு ஆவணங்கள், பெற்றோர் ஒப்புதல். முதுகலை மாணவருக்குக் கிடைக்கும் காலத்தில் இது தாங்காது என்று என் இரண்டு வழிகாட்டிகளும் (ஒருவர் பின்லாந்து, இன்னொருவர் ஜெர்மனி) சொன்னார்கள். சரி என்று ஏற்கெனவே உள்ள தரவுக்குப் போனேன். முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்கள் கள ஆய்வைக் கைவிட வேண்டாம், ஆனால் அனுமதிக் கடிதங்களை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

பிசா தரவை ஓஇசிடி தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2022 மாணவர் கோப்பில் 6 லட்சத்துக்கும் மேல் வரிசைகள், ஆயிரத்துக்கும் மேல் பத்திகள் (நெடுவரிசைகள்). சாதாரண மடிக்கணினி திணறும். புள்ளியியலுக்கான ஆர் மென்பொருளில் தேவையான பத்திகளை மட்டும் படிக்கச் சொல்லி, மூன்று நாடுகளை மட்டும் வடிகட்டி, சின்னக் கோப்பாகச் சேமித்துக்கொண்டால் பிறகு தொல்லை இல்லை.

நேரம் போவது அடுத்த கட்டத்தில். பிசாவில் எந்தப் பிள்ளையும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதுவதில்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதிதான் வரும். அதனால் ஒரு மாணவருக்கு ஒரு பாடத்தில் ஒரே மதிப்பெண் கிடையாது, இந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற பத்து மதிப்பீடுகள் கோப்பில் இருக்கும். பத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே பத்தியாக்க எல்லாருக்கும் கை அரிக்கும். செய்யக்கூடாது, நிச்சயமின்மையின் அளவு அதில் மறைந்துவிடும். ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் கணக்கைத் தனியாகப் போட்டு, விடைகளைத்தான் கடைசியில் இணைக்க வேண்டும். அதற்குமேல் எடை (ஒரு மாணவர் தன் நாட்டில் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்ற எண்): இறுதி எடை ஒன்று, பிழையைக் கணக்கிட மறு எடைகள் 80. பத்தையும் 81ஐயும் பெருக்கினால் 810 முறை ஓட வேண்டிய கணக்கு. இதற்கென்றே ஆரில் இன்ட்ஸ்வி என்ற தொகுப்பு இருக்கிறது, சர்வதேசக் கல்வி மதிப்பீடுகளை நடத்தும் ஐஇஏ அமைப்பு இலவசமாகத் தரும் ஐடிபி அனலைசரும் இருக்கிறது.

எது வைத்திருந்தாலும், சொந்தக் கேள்விக்குப் போகும் முன் ஓஇசிடி அச்சிட்ட எண்ணை உங்கள் கையால் திரும்ப எடுத்துப் பாருங்கள். 2022 கணிதத்தில் ஜெர்மனி 475, பின்லாந்து 484, போலந்து 489. திட்டப் பிழையும் (எண் எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு) சேர்ந்து ஒத்துப்போகும் வரை நான் அடுத்த வரி எழுதவில்லை. அந்தப் பிடிவாதம்தான் பிற்பாடு தேர்வாளர்கள் முன்னால் என்னைத் தைரியமாக உட்கார வைத்தது.

அப்புறம் கேள்வித்தாள். தயவுசெய்து அதைப் பிடிஎஃப்பில் வரிக்கு வரி படியுங்கள், பத்தியின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். வீட்டில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று ஒரு கேள்வி. ஒரு மீட்டர் அலமாரியில் சுமார் 40 புத்தகம் பிடிக்கும், பத்திரிகை, செய்தித்தாள், பள்ளிப் பாடப்புத்தகத்தைச் சேர்க்காதே என்று பிள்ளைக்குக் குறிப்பும் கொடுக்கிறார்கள். 2018இல் முதல் கட்டம் "0–10", 2022இல் புத்தகமே இல்லாத வீட்டைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். இரண்டு சுற்றுகளையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் கீழ்மட்டத்தில் இல்லாத மாற்றம் தெரியும். குடும்பப் பின்னணிக் குறியீட்டையும் சுற்றுக்குச் சுற்று புதிதாகக் கணக்கிடுகிறார்கள், ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமென்றால் அதற்கென மறு அளவீடு செய்து வெளியிட்ட மதிப்புகளைத்தான் எடுக்க வேண்டும். ஜெர்மன் தரவில் இன்னொரு சிக்கல், பின்னணிக் கேள்வித்தாளை நிரப்புவது எல்லா மாநிலங்களிலும் கட்டாயமில்லை என்பதால் காலிக் கட்டங்கள் நிறைய. காலியான பிள்ளைகளைத் தூக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் யார் விடுபடுகிறார்கள் என்பதை ஒரு தனி இயலில் எழுதினேன். என் ஆய்வேட்டில் எனக்கே மிகவும் பிடித்த இயல் அது.

இதையெல்லாம் தாண்டி வந்த பிறகும் ஒரு எண் என்னை நிறுத்தியது. போலந்தில் பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள மதிப்பெண் இடைவெளி 2018இல் பின்லாந்துபோலச் சிறியது, 2022இல் திடீரென்று எகிறியிருந்தது. நான்கே ஆண்டுகளில் ஒரு நாடு இவ்வளவு மாறுமா? கொரோனா என்று எழுதிவிட்டு நகரலாம், படிக்கிறவர்களும் ஒப்புக்கொள்வார்கள். எழுதாமல், ஐரோப்பியக் கல்வி ஆய்வு மாநாட்டில் இளம் ஆய்வாளர்களுக்கான அமர்வில் அறிமுகமான வார்சா நண்பர் ஒருவருக்கு வரைபடத்தை அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஆண்டு எங்கள் 15 வயதுப் பிள்ளை எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருந்தான் என்று பார்த்தாயா?

2018இல் அவன் பொது நடுநிலைப்பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தான். 2022இல் அதே வயதுப் பிள்ளை எட்டாண்டுப் பள்ளியை முடித்து, நுழைவு மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் மேல்நிலைப்பள்ளியிலோ தொழிற்பள்ளியிலோ முதல் ஆண்டில் இருந்தான். தேர்வு நடந்த வயது மாறவில்லை, பிரிக்கும் வயதுதான் அதற்கு முன்னால் வந்துவிட்டது. பிரித்த பிறகு அளந்தால் பள்ளிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகத்தான் தெரியும், அதை வைத்துப் போலந்துச் சமூகத்தில் ஏற்றத்தாழ்வு கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. கோப்பில் இந்தத் தகவல் ஏதோ ஒரு பத்தியில் எண்ணாக இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைத் தேட வேண்டும் என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தோன்றும். ஒப்பீட்டு ஆய்வில் சர்வதேச ஒத்துழைப்பு என்பதற்கு நான் கண்ட அர்த்தம் இதுதான், ஒவ்வொரு நாட்டிலும் "பொறு, அந்த எண்ணுக்கு அது பொருள் இல்லை" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அதன்பின் மற்ற இரண்டு நாடுகளுக்கும் அதே கேள்வியைப் போட்டேன். பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளி, தோற்கடித்து அதே வகுப்பில் உட்காரவைப்பதும் அரிது, ஆகவே 15 வயதில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்பு. ஜெர்மனியில் ஒன்பது, பத்து, சிலர் எட்டு என்று சிதறியிருக்கிறார்கள். இந்த விவரங்களுக்கு, ஐரோப்பிய நாடுகளின் கல்வி அமைப்புகளை விவரிக்கும் யூரிடைஸ் வலைப்பின்னலின் நாட்டுப் பக்கங்களும் பள்ளி அமைப்பு வரைபடங்களும் நல்ல துணை. ஒவ்வொரு நாட்டின் அலுவலகமும் எழுதுவதால் ஒரே வடிவத்தில் கிடைக்கும்.

பிரிக்கும் முன்பே இடைவெளி எவ்வளவு என்று தெரியாமல் பிரித்ததன் விளைவைப் பேச முடியாது. அதற்கு நான்காம் வகுப்பில் வாசிப்பை அளக்கும் பர்ல்ஸ் என்ற சர்வதேசத் தேர்வின் தரவை எடுத்தேன். 2016 பர்ல்ஸ் எழுதியவர்களும் 2022 பிசா எழுதியவர்களும் ஏறக்குறைய ஒரே தலைமுறை, மூன்று நாடுகளும் இரண்டிலும் இருக்கின்றன. தொடக்கப்பள்ளிக்கும் 15 வயதுக்கும் நடுவே இடைவெளி எப்படி மாறுகிறது என்று பார்க்கும் இந்த வழியை ஹனுஷெக், வோஸ்மன் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2006இல் பல நாடுகளை வைத்துச் செய்தார்கள். என்னிடம் மூன்று நாடுகள்தான், அதை வைத்துக் காரணத்தை நிரூபிக்க முடியாது என்று முன்னுரையிலேயே எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். மூன்று நாடுகளால் நிரூபிக்க முடியாததை ஏன் ஆராய்ந்தாய்? போலந்து வரைபடத்தைத் திரையில் போட்டேன். பள்ளி அமைப்பைப் பார்க்காமல் இந்தக் கோட்டைப் படித்தால் ஒரு நாட்டின் கொள்கையைத் தப்பாகத் திட்டவோ தப்பாகப் புகழவோ நேரும், அதைத் தடுக்க மூன்று நாடு போதும் என்று சொன்னேன். ஜெர்மன் வழிகாட்டி அடுத்த கேள்வியாகக் காலிக் கட்டங்களைப் பற்றிக் கேட்டார், மீதி நேரம் முழுக்க அந்த இயலிலேயே போயிற்று.