கிரெசால் பீக் மலை மாதிரி வந்ததா? முதலில் அமிலத்தைச் சந்தேகப்படுங்கள்

நீரிழிவு நோயாளிகளின் ரத்தத்தில் குடல் பாக்டீரியா வழி வரும் சேர்மங்களின் அளவுகள் ஒருவழியாகக் கைக்கு வந்தன. ஆனால் முதல் தொகுதி பிளாஸ்மா (அணுக்கள் நீக்கிய ரத்தத் திரவம்) மொத்தமும் வீண்.

டைரோசின் என்ற அமினோ அமிலத்தைக் குடல் பாக்டீரியா பாரா-கிரெசாலாக்கும். குடல் சுவரும் கல்லீரலும் அதில் பெரும்பகுதியைப் பாரா-கிரெசில் சல்ஃபேட்டாக மாற்றித்தான் ரத்தத்துக்கு விடுகின்றன. தனிக் கிரெசால் அங்கே சொற்பம். பிளாஸ்மாவின் புரதத்தைப் படியவைத்து நீக்க வலுவான அமிலம் ஊற்றிச் சூடாக்கினால் சல்ஃபேட் உடைந்து மறுபடி கிரெசாலாகிவிடும். குரோமட்டோகிராமில் (சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில்) எழுந்த பீக் நம் கைவேலைதான். பழைய ஆய்வுகள் பலவும் சறுக்கிய இடம் இது. 'கிரெசால் அளவு' என்று எங்கே பார்த்தாலும் செய்முறைப் பகுதியை முதலில் படியுங்கள்.

தீர்வு எளிது: பிளாஸ்மா 1 பங்கு, ஐஸ் குளிர்ச்சியில் மெத்தனால் 4 பங்கு, கலக்கி சென்ட்ரிஃபியூஜ். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய உள்தரத்தை, அதாவது ஒப்பிட்டு அளக்க உதவும் தெரிந்த அளவுச் சேர்மத்தை, மெத்தனாலுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் நெகட்டிவ் மோடில் பாரா-கிரெசில் சல்ஃபேட்டுக்குப் பார்க்க வேண்டியது, நிறை 187 அயனி உடைந்து வரும் 107 துண்டு. டிரிப்டோஃபான் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் வழி வரும் இண்டாக்சில் சல்ஃபேட்டுக்கு 212-லிருந்து 80. இரண்டும் 90 சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதமான ஆல்புமினில் ஒட்டியிருப்பவை. மெத்தனால் காட்டுவது மொத்த அளவு. கட்டற்றதை மட்டும் பார்க்க, மெத்தனால் சேர்க்காத பிளாஸ்மாவை 30 கிலோடால்டன் ஃபில்டரில் வடிக்க வேண்டும்.

ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் வழி வரும் இமிடசோல் புரோப்பியோனேட், வழக்கமான சி-18 பிரிகுழாயில் (column) நிற்கவே நிற்காது, உப்போடு உப்பாக முன்னாலேயே ஓடிவிடும். நீரில் எளிதில் கரைபவற்றைப் பிடித்து நிறுத்தும் ஹிலிக் பிரிகுழாய் போடுங்கள், இல்லை பியூட்டைல் எஸ்டராக்குங்கள். எலியில், மனிதரில் பார்க்கும் குடல் பாக்டீரியா வழிச் சேர்மமான ஃபீனைல்அசிட்டைல்குளூட்டமினைத் தேடி நாளை வீணாக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் அதன் கிளைசின் வடிவம்தான் (ஃபீனைல்அசிட்டைல்கிளைசின்).

வெட்டியெடுத்த ரத்தநாளத் துண்டில் இந்தச் சேர்மங்களைச் சோதிக்கும் ரத்தநாள வளையச் சோதனையில் இன்னொரு கண்ணி. இண்டாக்சில் சல்ஃபேட் பெரும்பாலும் பொட்டாசியம் உப்பாகத்தான் கிடைக்கிறது. 1 மில்லிமோலார் சேர்த்தால் பொட்டாசியமும் 1 மில்லிமோலார் ஏறும். நாளத்தை உயிர்ப்போடு வைக்கும் கிரெப்ஸ் கரைசலில் இருப்பதே வழக்கமாகச் சுமார் ஆறு மில்லிமோலார்தான். சேர்மம் சேர்க்காத ஒப்பீட்டு வளையத்துக்கும் அதே அளவு பொட்டாசியம் குளோரைடு போடாவிட்டால் முடிவு செல்லாது. நாளத்தைச் சுத்தம் செய்யும்போதே எண்டோதீலியம் (நாளத்தின் உள்படலம்) உரசிப்போயிருக்கலாம். ஃபீனைல்எஃப்ரினில் சுருங்கவிட்டு, அசிட்டைல்கோலினுக்குத் தளர்கிறதா என்று பார்த்த பிறகே சேர்மத்தைத் தொடுங்கள்.

நீரிழிவில் சிறுநீரகம் தளர்ந்தாலே இந்தச் சல்ஃபேட்டுகள் ஏறும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு விட்டுப்போயிருந்தால் அதை மிச்ச பிளாஸ்மாவில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் குடல் பாக்டீரியாவையே மாற்றிவிடும் ஆன்டிபயாடிக்கை நோயாளி கடந்த 3 மாதத்தில் எடுத்தாரா என்பதை அப்படிப் பிடிக்க முடியாது. பிறகு கேட்டால் 'ஏதோ மாத்திரை' என்பார்கள். படிவத்தில் அந்தக் கட்டம் இல்லாமல் எடுத்த குழாய்கள் மைனஸ் 80 ஃப்ரீசரில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன.