‘நீ என்ன சொல்ற?’

எங்கள் டிரான்ஸ்போர்ட்காரரின் இன்வாய்ஸில் ஒரு குறையும் இல்லை. மலேசியாவின் மின்-இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸில் ஏறி, வருமான வரி வாரியத்தின் அடையாள எண்ணோடு வந்திருந்தது. வாங்குபவருக்கு உள்ள 72 மணி நேரக் கெடுவுக்குள் நிராகரிக்கச் சொல்லக் காரணமே கிடையாது. வங்கிக் கணக்கு எண் மட்டும் புதுசு. வாரியம் பார்ப்பது இன்வாய்ஸை; பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பது நம் தலைவலி. எங்கள் ஏஐ ஏஜெண்ட் பணத்தை நிறுத்திவிட்டு, ‘ஏற்கெனவே பதிவான எண்ணில் அழைத்து உறுதி செய்யவும்’ என்று என் பக்கம் தள்ளிவிட்டது.

அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவரே வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டார். பினாங்கில், பிறைக்கும் பாயான் லெப்பாஸுக்கும் நடுவே எங்கள் சரக்கை ஏற்றுபவர். தீபாவளிக்கு முன்னால் டிரைவர்களுக்குச் சம்பளம் போட வேண்டுமாம்.

“தம்பி, என் குரல் தெரியலையா உனக்கு?”

“தெரியுதுண்ணே. சிஸ்டம் ஹோல்டுல வச்சிருக்கு. பேங்க் லெட்டர் ஒண்ணு கொடுத்துடுங்க.”

“சிஸ்டத்தை விடு. நீ என்ன சொல்ற?”

நானும் அதையேதான் சொன்னேன்.

விடுவிக்கும் பொத்தான் என் திரையில்தான் இருந்தது. ஆனால் இப்போது குரலையே நகலெடுக்கிறார்கள். பணம் மியூல் கணக்குக்கு, அதாவது மோசடிக்காரர்கள் பயன்படுத்தும் வேறொருவர் கணக்குக்குப் போய்விட்டால், மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைத்து எவ்வளவு மீளும்? ஆக, செய்தது சரிதான். சரி, ஆனால் அவர் கேட்டது அதுவா? பதிவேட்டில் ‘மனிதர் சரிபார்த்தார்’ என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. எதைச் சரிபார்த்தேன்? ஏஜெண்ட் சொன்னதைப் படித்தேன், அவ்வளவுதான். முன்பென்றால் பாலம் தாண்டிப் போய், அவர் யார்டிலேயே டீ குடித்துக்கொண்டு விஷயத்தை முடித்திருப்பேன். இல்லை, அதுவும் பொய்யாக இருக்கலாம். முன்பென்றால் கணக்கு எண் மாறியதையே யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

கடிதம் கொடுத்தார். பணம் தீபாவளி கழிந்துதான் போனது.

அப்புறம் மேலாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். கணக்கு மாற்றங்களில் ஏஜெண்டின் முடிவும் என் முடிவும் ஒரு தடவைகூட வேறுபடவில்லையாம். நான் சரிபார்க்கும் அந்தப் படியை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். கணக்குப்படி நியாயமான கேள்வி. கோபம்தான் வந்தது. இருக்கட்டும், ஆள் பார்ப்பது அவசியம் என்று பதில் போட்டேன்.

அடுத்த முறை ஏஜெண்ட் நிறுத்தினால் விடுவிப்பேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.