டோராவை மாற்றாமல் டோராவைப் படமாக்குவது எப்படி?

டோரா கார்ட்டூன் ஓடிய வீட்டில் யாரைக் கேட்டாலும் ஒரு எபிசோடின் வரிசையை மனப்பாடமாகச் சொல்வார்கள். யாருக்காவது உதவி தேவைப்படும். பேசும் வரைபடமான மேப்பைக் கூப்பிட வேண்டும். பாலம், ஆறு, மலை என்பதுபோல் அது மூன்று இடங்களைச் சொல்லும், நாமும் சேர்ந்து சொல்ல வேண்டும். வழியில் டோராவின் பேசும் பையிலிருந்து சரியான பொருளை எடுக்க வேண்டும். குள்ளநரி வந்தால் மூன்று தடவை 'குள்ளநரி, திருடக் கூடாது' என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் டோரா நம்மை நேராகப் பார்த்துச் சில விநாடி காத்திருப்பாள். நீல அம்பு ஒன்று வந்து சரியான விடையைத் தொடும். கடைசியில் வெற்றிப் பாட்டு, அதற்குப் பிறகு 'உனக்கு எது பிடித்தது?' என்ற கேள்வி.

2000 ஆகஸ்டில் அமெரிக்காவின் நிக்கலோடியனில் தொடங்கிய தொடர் இது. தமிழ்க் குழந்தைகளுக்குச் சுட்டி டிவி வழியாக வந்தது. பூட்ஸ் போட்ட குரங்கு இங்கே புஜ்ஜி ஆனது. இன்றைக்கும் டோரா என்றால் கூடவே புஜ்ஜி என்றுதான் வாயில் வரும். ஆகவே இந்தப் பதிவு முழுவதும் அவன் புஜ்ஜிதான்.

இதிலிருந்து 2019இல் ஒரு முழுநீளப் படம் எடுத்தார்கள்: 'டோரா அண்ட் த லாஸ்ட் சிட்டி ஆஃப் கோல்ட்'. இயக்கியவர் ஜேம்ஸ் பாபின். நிக்கலஸ் ஸ்டோலரும் மேத்யூ ராபின்சனும் திரைக்கதை எழுதினார்கள். டோராவாக இசபெலா மோனர் நடித்தார். இப்போது இசபெலா மெர்செட் என்ற பெயரில் நடிக்கிறார். 102 நிமிடம். கார்ட்டூனை நிஜ நடிகர்களோடு படமாக்க நினைக்கும் எவரும் காட்சி காட்சியாகப் பிரித்துப் படிக்க வேண்டிய படம் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். கார்ட்டூனின் உயிர் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. குழந்தை கத்திப் பதில் சொல்லும், டோரா அதைக் கேட்டதுபோல் 'ஆமாம்!' என்பாள், குழந்தைக்குத் தானே கதையை நகர்த்திய உணர்வு வரும். 23 நிமிட எபிசோடில், வீட்டுக் கூடத்தில், ஒரே வயதுப் பிள்ளைகளிடம் இது வேலை செய்யும். தியேட்டரில் 4 வயதுப் பிள்ளையும் 14 வயது அக்காவும் அப்பாவும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மூன்று விநாடி மௌனம் விழுந்தால் ஒருவர் பதில் சொல்வார், ஒருவர் நெளிவார், ஒருவர் போனை எடுப்பார். இரண்டாவது தடவையே காட்சியின் வேகம் செத்துவிடும். போதாக்குறைக்கு, 2000இல் 4 வயதில் தொடரைப் பார்த்தவர்களுக்குப் படம் வந்தபோது வயது 23.

இந்த இடத்தில் பெரும்பாலான படங்கள் வழுக்குவது மூன்று பக்கமாக. ஒன்று, கார்ட்டூனைக் கிண்டலடிப்பது: பெரியவர்கள் பத்து நிமிடம் சிரிப்பார்கள், குழந்தைக்குத் தன் தோழியை அவமானப்படுத்தியதாகத் தோன்றும். இரண்டு, கார்ட்டூனை அப்படியே நடித்துக் காட்டுவது: கோட்டோவியத்தில் இயல்பாகத் தெரிந்த பேச்சும் அசைவும் நிஜ முகத்தில் ஒட்டாது. மூன்று, நாயகியை வேறொரு ஆளாக்கி, பெயரையும் உடையையும் மட்டும் வைத்துக்கொள்வது. அதற்கு டோரா எதற்கு?

பாபின் குழு எடுத்த முடிவு எளிமையானது: டோராவைத் தொடவே இல்லை, அவளைச் சுற்றியிருக்கும் உலகத்தை மாற்றினார்கள். கார்ட்டூனில் அவள் செய்வதையெல்லாம் படத்திலும் செய்கிறாள். ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள்.

சாப்பாட்டு மேசைக் காட்சியைப் பாருங்கள். சின்ன டோரா கேமராவைப் பார்த்து, 'டெலிசியோசோ' என்று சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் அவள் பார்க்கும் திசையில் திரும்பிப் பார்க்கிறார்கள். அங்கே யாரும் இல்லை. அவ்வளவுதான் காட்சி. அந்த மௌனத்தை நிரப்பும் பொறுப்பு குழந்தைப் பார்வையாளரிடமிருந்து பெற்றோரின் முகத்துக்குப் போகிறது. பதில் சொல்ல விரும்பும் பிள்ளைக்கு இடம் இருக்கிறது, விரும்பாதவருக்கு ரியாக்‌ஷன் ஷாட் இருக்கிறது. எடிட்டிங் மேசையில் இதைச் செய்யும்போது கேமராவைப் பார்க்கும் ஷாட்டை நீட்டக் கூடாது. அடுத்தவர் முகத்துக்கு எப்போது வெட்டுகிறோம் என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. இந்த உத்தியைப் படம் அளவோடு பயன்படுத்துகிறது. அடிக்கடி வந்திருந்தால் அதுவே கிண்டலாகியிருக்கும்.

வயதிலும் இதே கணக்கு. தொடரில் டோராவுக்கு 7 வயது. படம் 6 வயது டோராவோடு தொடங்கி, பத்து ஆண்டு தாண்டி 16 வயதுக்கு வருகிறது. பெரு நாட்டுக் காட்டில் ஆராய்ச்சியாளர்களான பெற்றோரோடு வளர்ந்தவளை லாஸ் ஏஞ்சலஸில் உறவுக்காரப் பையன் டியேகோ படிக்கும் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். உடல் வளர்ந்திருக்கிறது, உற்சாகம் அப்படியே இருக்கிறது. பள்ளி வாசல் சோதனையில் பையைத் திறந்தால் காட்டில் உயிர்பிழைக்கத் தேவையான சாமான்களாக வருகின்றன. கார்ட்டூனில் 'பையிலிருந்து சரியான பொருளை எடு' என்ற விளையாட்டுதான் இது. இடம் மாறியதும் கதாபாத்திரத்தின் குணத்தைச் சொல்லும் காட்சியாகிவிட்டது. இசபெலா மோனர் இதில் ஒரு நொடிகூடத் தன் பாத்திரத்தைவிட உயரமாக நின்று நடிக்கவில்லை. டோரா நம்புவதை முழுதாக நம்பி நடிக்கிறார். வேறு யார் நடித்திருந்தாலும் கண் ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்த்திருக்கும், படம் குலைந்திருக்கும்.

பேசும் பொருட்களும் விலங்குகளும் இன்னும் கடினமானவை. இங்கே முதலில் எழுதிவைக்க வேண்டியது அந்த உலகத்தின் சட்டம். 2002இன் ஸ்கூபி-டூ படத்தில் நாய் கணினியில் உருவானது, கூட வரும் நண்பர்கள் நிஜ நடிகர்கள். 2021இன் டாம் அண்ட் ஜெர்ரியில் உலகத்து விலங்குகள் எல்லாமே கார்ட்டூன். மனிதர்கள் மட்டும் நிஜம். எந்தச் சட்டமானாலும் பரவாயில்லை, நடுவில் மாறக் கூடாது. டோரா படத்தில் மேப்பும் பையும் நிஜ உலகில் வெறும் மேப், வெறும் பை. புஜ்ஜி நிஜக் குரங்கைப்போல ஒலி எழுப்புகிறான். டேனி ட்ரெஹோவின் குரலில் அவன் பேசுவது அபூர்வம். அப்படியானால் கார்ட்டூன் மேப்பை எப்படிக் காட்டுவது? கதை மீண்டும் காட்டுக்கு வந்த பிறகு, அங்கே ராட்சதப் பூக்கள் வெளியிடும் துகள்களைச் சுவாசித்து எல்லோருக்கும் மயக்கம் தலைக்கேறுகிறது. அந்தச் சில நிமிடம் படம் முழுக்கப் பழைய தொடரின் கோட்டோவியமாக மாறுகிறது. மேப், பை எல்லாம் அங்கே பேசுகின்றன. உலகத்தின் சட்டமும் உடையவில்லை, ரசிகர்கள் கேட்டதும் கிடைத்தது. இந்தப் படத்தின் மிகச் சிறந்த யோசனை இதுதான்.

பணக் கணக்கிலும் இது புத்திசாலித்தனம். படத்தின் பட்ஜெட் சுமார் 4.9 கோடி டாலர். ஸ்கூபி-டூவுக்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே சுமார் 8.4 கோடி செலவானது. வாயசைத்துப் பேசும் விலங்குக்கு உதடு, தாடை, கன்ன ரோமம் எல்லாம் வசனத்தோடு பொருந்த வேண்டும். ஷாட்டுக்கு ஷாட் செலவு ஏறும். அபூர்வமாகவே பேசும் குரங்குக்கு அந்த வேலை குறைவு.

கணினி விலங்கோடு நடிகரைப் படமெடுக்கும் முறையையும் சொல்லிவிடலாம். விலங்கின் அளவுக்கு ஒரு பொம்மையை வைத்து முதலில் ஒத்திகை எடுப்பார்கள். நடிகர்களின் பார்வை எங்கே விழுகிறது என்பது அதில் நிலைக்கும். பிறகு பொம்மை இல்லாமல் நடிப்பு. அதற்குப் பிறகு நடிகர்களும் இல்லாமல் வெறும் பின்னணி. கடைசியாக ஒரு சாம்பல் உருண்டையையும் கண்ணாடிபோல் பளபளக்கும் ஓர் உருண்டையையும் அதே இடத்தில் பிடித்துப் படமெடுப்பார்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு விழுகிறது என்பதை அவற்றிலிருந்து எடுத்துக் கணினி விலங்கின் மேல் போடுவார்கள். தவறு பெரும்பாலும் இரண்டு இடத்தில் நடக்கும். இரண்டு நடிகர்கள் ஒரே விலங்கைப் பார்க்கும்போது அவர்களின் பார்வைக் கோடுகள் ஒரே புள்ளியில் சேராது. விலங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே இல்லை என்று தெரிந்துவிடும். மற்றது எடை. தோளில் குரங்கு ஏறினால் தோள் சற்று இறங்க வேண்டும், துணி அழுந்த வேண்டும். படப்பிடிப்பில் அதைச் செய்யாவிட்டால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

படப்பிடிப்பு நடந்தது 2018இல், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கோல்ட் கோஸ்ட் பகுதியில். ஸ்டுடியோவுக்குக் கார் தூரத்தில் மழைக்காடு, கூடவே அரசின் வரிச்சலுகை. ஸ்கூபி-டூவும் குயின்ஸ்லாந்தில்தான் எடுக்கப்பட்டது. பெரு நாடு திரையில் வருவது நிலத்தைவிட மனிதர்களாலும் மொழியாலும்தான்: மோனரின் தாய் பெரு நாட்டவர், இன்கா இளவரசியாக வரும் கொரியாங்கா கில்ச்சரின் தந்தை அங்குள்ள பழங்குடியைச் சேர்ந்தவர், டோரா அங்குள்ள பழங்குடி மொழியான கெச்சுவா பேசுகிறாள். கதையில் வரும் பராபாட்டா என்ற தங்க நகரம் மட்டும் கற்பனை.

படம் தடுமாறும் இடம் குள்ளநரி. பெனிசியோ டெல் டோரோ குரல் கொடுத்திருக்கிறார், குரல் பிரமாதம். ஆனால் முகமூடி போட்டுப் பேசும் நரி கூலிப்படையோடு ஏன் அலைகிறது, புஜ்ஜி அபூர்வமாகவே பேசும் உலகில் இது மட்டும் எப்படி இவ்வளவு பேசுகிறது என்பதற்குப் படத்தில் விளக்கம் இல்லை. தானே போட்ட சட்டத்தைப் படம் மீறும் இடம் அதுதான். நரியையும் வாய் பேசாத திருட்டு நரியாகவே விட்டு, பூந்துகள் மயக்கத்தில் மட்டும் பேசவைத்திருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும்.

பாட்டுகளில் அந்தத் தடுமாற்றம் இல்லை. காட்டில் ஒதுங்க வேண்டிய நிலையில் தவிக்கும் பள்ளித் தோழி சேமிக்கு, குழி தோண்டுவது பற்றி டோரா உடனே ஒரு பாட்டுப் பாடுகிறாள். கார்ட்டூனில் எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு என்பது நமக்குத் தெரியும், சேமிக்குத் தெரியாது. சிரிப்பு அந்த இடைவெளியில் பிறக்கிறது. தொடரின் வெற்றிப் பாட்டைக் கடைசிவரை பத்திரமாக வைத்து, எல்லோரும் சேர்ந்து ஆடும் ஆட்டமாக முடித்ததும் சரியான கணக்கு.

பிள்ளைகளோடு பார்க்கப் போகிறவர்களுக்கு: 6 வயதுக்கு மேல் என்றால் தயங்க வேண்டாம். அதற்குக் கீழே என்றால் கடத்தல் காட்சியிலும், தண்ணீர் நிரம்பும் நிலவறைக் காட்சியிலும் பக்கத்தில் இருங்கள். புதைமணல் காட்சிக்குப் பிறகு கேள்வி நிச்சயம் வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். புதைமணல் மனித உடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தியானது, அதனால் ஆள் இடுப்பளவுக்கு மேல் தானாக மூழ்குவதில்லை. மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. காலை வெடுக்கென்று இழுக்காமல், பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெல்ல மெல்ல ஆட்டினால் மணலுக்குள் தண்ணீர் புகுந்து பிடி தளரும்.