அடித்தவருக்கே பட்ட அடி

இங்கிலாந்து கால்பந்து ஆட்டக்காரர் பால் கேஸ்கோய்ன் பேச்சு வந்தாலே ‘குடிச்சே கெட்டான்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். குடி பொய்யில்லை. 1998-ல் மிடில்ஸ்பரோ அணியில் ஆடிக்கொண்டிருந்தபோதே அதற்குச் சிகிச்சைக்குப் போனவர்தான். ஆனால் ஆட்டக்காரராக அவரைச் சாய்த்தது வேறொன்று: பந்து காலை விட்டு ஒரு முழம் தள்ளிப் போனால் அதை அப்படியே விட்டுவிட அவருக்குத் தெரியாது.

அவர் ஓடும் விதத்தைக் கவனியுங்கள். பந்து ஷூவோடு ஒட்டியிருக்கும். இரண்டு கைகளையும் அகல விரித்து, இடுப்பால் தடுப்பாளரை ஒதுக்கிக்கொண்டே நடுக்களத்திலிருந்து முன்னேறுவார். இப்படி ஆடுகிறவருக்கு எப்போதாவது பந்து நழுவத்தான் செய்யும். நழுவிய மறுகணம் சறுக்கிப் பாய்வார். 1990 ஜூலை 4, டூரின், உலகக் கோப்பை அரையிறுதி. கூடுதல் நேரத்தில் பந்து சற்று முன்னே ஓடிவிட, மேற்கு ஜெர்மனியின் பெர்டோல்டின் மேல் பாய்ந்தார். மஞ்சள் அட்டை. பெல்ஜியத்துடனான ஆட்டத்தில் ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தார். அப்போதைய விதிப்படி தொடரில் இரண்டு மஞ்சள் சேர்ந்தால் அடுத்த ஆட்டம் கிடையாது. இங்கிலாந்து ஜெயித்தாலும் இறுதியாட்டத்தில் அவர் இல்லை. உலகம் பார்த்த அந்தக் கண்ணீர் அதற்குத்தான். இப்போதைய விதியில், காலிறுதியோடு ஒற்றை மஞ்சளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அந்தக் கண்ணீரால் நாடே அவரைக் கொண்டாடியது. ஆனால் பாய்கிற பழக்கம் போகவில்லை.

1991 மே 18, வெம்ப்ளி, இங்கிலாந்து கிளப் அணிகளுக்கான எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டம்: கேஸ்கோய்னின் டாட்டனமும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும். தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஃபாரஸ்டின் கேரி பார்க்கரின் மார்பளவுக்குக் காலைத் தூக்கினார். நடுவர் அட்டை காட்டவில்லை. (அங்கேயே ஒரு மஞ்சள் காட்டியிருந்தால் கொஞ்சம் அடங்கியிருப்பார் என்பது என் கணிப்பு.) சிறிது நேரத்தில் பெனால்டி பகுதி விளிம்பில் கேரி சார்ல்ஸ் பந்தோடு வர, முழு வேகத்தில் வலது காலை வீசினார். சார்ல்ஸ் எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். கிழிந்தது கேஸ்கோய்னின் முழங்கால் ஜவ்வு, ஏ.சி.எல்.

உடனே அது தெரியவில்லை. எழுந்து நின்றார், ஃபாரஸ்டுக்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கைத் தடுக்க ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்கும் சுவரிலும் போய் நின்றார். ஸ்டூவர்ட் பியர்ஸ் அதை கோலாக்கிய பிறகுதான் சரிந்தார். ஏ.சி.எல். கிழிந்தவர் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. கால் எலும்பு முன்பக்கம் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பதுதான் அந்த ஜவ்வின் வேலை. நேராக நிற்கும்போது தொடைத் தசையே சமாளித்துவிடும். காலை ஊன்றித் திரும்பும்போதுதான் முட்டி விட்டுக்கொடுக்கும். ஊன்றித் திரும்புவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இது என்ன அர்த்தம் என்று சொல்லவே வேண்டாம். டாட்டனம் 2-1 என ஜெயித்தது. கோப்பையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் அவரிடம் காட்டினார்கள்.

கிழிந்த ஜவ்வைத் தைத்து ஒட்ட வைப்பது பெரும்பாலும் பலிக்காது. உடம்பின் வேறிடத்திலிருந்து ஒரு தசைநாண் எடுத்து அந்த இடத்தில் பொருத்துவார்கள். அது உயிர்பிடித்து முறுக்கேற மாதக்கணக்கில் ஆகும். இன்றைக்கும் ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்குவது ஆபத்து என்றே சொல்கிறார்கள். கேஸ்கோய்னுக்கு அதே செப்டம்பரில் ஒரு இரவு விடுதியில் அதே காலின் முட்டிச்சில்லு வேறு உடைந்தது. 1991-92 சீசன் முழுக்கப் போயிற்று. ரோம் நகரின் லாட்சியோ அணி முதலில் பேசிய விலையைக் குறைத்து, 1992-ல் 55 லட்சம் பவுண்டுக்கு எடுத்தது.

ரோமில் மூன்று சீசன், 43 லீக் ஆட்டம், 6 கோல். அதே நகரின் ரோமா அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் தலையால் முட்டிய சமன் கோலை லாட்சியோ ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. 1994 ஏப்ரலில் பயிற்சியின்போது லாட்சியோவின் இளம் ஆட்டக்காரர் நெஸ்டாவிடமிருந்து பந்தைப் பறிக்கப் பாய்ந்து தன் காலையே முறித்துக்கொண்டார். 2000-ல் ஆஸ்டன் வில்லாவின் போட்டெங் மீது முழங்கையை வீசியபோதும் உடைந்தது அவருடைய கைதான்.

நடுவில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் ஆடிய காலம் நன்றாகவே போனது. 1996 ஏப்ரலில் அபர்டீனுக்கு எதிராக மூன்று கோல் அடித்து லீக் பட்டத்தை உறுதிசெய்தார். ஜூன் 15-ல் யூரோ கோப்பையில் இங்கிலாந்துக்காக ஸ்காட்லாந்துக்கு எதிராக அடித்த கோல் தெரிந்ததுதான்: இடது காலால் தடுப்பாளர் ஹென்ட்ரியின் தலைக்கு மேல் தூக்கி, பந்து தரையைத் தொடுமுன் வலது காலால் வலைக்குள். பதினோரு நாள் கழித்து ஜெர்மனியுடன் அரையிறுதி, கூடுதல் நேரம். முதலில் அடிக்கிற கோலே முடிவு என்ற விதி. சக ஆட்டக்காரர் ஷியரர் குறுக்கே அனுப்பிய பந்து காலியான கோலின் முன்னால் உருண்டு போகிறது. நீட்டிய காலுக்குச் சில அங்குலம் எட்டாமல் போயிற்று. பாய்ந்தே பழகிய மனிதர், அந்த ஒரு முறை மட்டும் அரை வினாடி தயங்கினார், கோல்கீப்பர் கை வைத்துவிடுவார் என்று நினைத்து.