எழுதாத தாள்

"என் தாளைத் திருப்பித் தருவீர்களா, மிஸ்?" என்றுதான் அவன் கேட்டான். "அவர்களுக்கும் யாரும் திருப்பித் தரவில்லையே" என்றேன் நான். வகுப்பு அடங்கிப்போனது. பாடம் மனத்தில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். பல மாதங்கள் ஆகியும் அந்தப் பதில் என் நாவில் கசக்கிறது.

டொரொன்டோ நிலம் கைமாறிய கதையைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? 1787-இல் குவின்டே விரிகுடாவில் பிரிட்டிஷ் அரசின் சார்பில் சர் ஜான் ஜான்சன் அந்த மண்ணின் பூர்வகுடிகளான மிசிசாகா மக்களின் தலைவர்களைச் சந்தித்தார். துப்பாக்கிகளுக்கான சக்கிமுக்கிக் கற்கள், பித்தளைப் பாத்திரங்கள், முகம் பார்க்கும் கண்ணாடிகள், ரம் எல்லாம் கொடுக்கப்பட்டன. பிற்பாடு பத்திரத்தைப் பார்த்தால், எந்த நிலம், எதுவரை என்று எழுதியிருக்க வேண்டிய இடம் காலி. மூன்று தலைவர்கள் கையெழுத்தாக வரைந்த குலக்குறிகள் தனித் துண்டுக் காகிதங்களில் இருந்தன. அவற்றை எடுத்துப் பத்திரத்தில் ஒட்டியிருந்தார்கள்.

இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் இன்னுமோர் ஆண்டு, இன்னும் சில பெயர்கள், அவ்வளவுதான். ஆகவே ஆளுக்கொரு வெற்றுத் தாள் கொடுத்து, அடியில் தங்களுக்குப் பிடித்த குறியொன்றை வரையச் சொன்னேன். பென்சில்களும் ஸ்டிக்கர்களும் பரிசாகக் கொடுத்தேன். மறுநாள் அந்தக் குறிகளுக்கு மேலே, வாசிப்பு மூலையும் மெத்தைகளும் இனி அடுத்த வகுப்புக்குச் சொந்தம் என்று பேனாவால் எழுதிக் காட்டினேன். அவன் வரைந்திருந்தது ஒரு மீன்கொத்தி. இறகுகளுக்கு நீலம் தீட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

நான் கொடுத்த தாள் என்பதால்தானே யோசிக்காமல் வரைந்தார்கள்? பாடமே அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மிசிசாகா மக்களும் பகைவனிடம் ஏமாறவில்லை. அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டிஷாரின் பக்கம் நின்றவர்கள் அவர்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் இந்த வஞ்சகம் நடந்திருக்காது. அதைப் பிள்ளைகளுக்கு வேறு எப்படி உணர்த்துவது? ஆனால் அவன் கேட்டபோது விளையாட்டு முடிந்திருந்தது. மாணவன் ஆசிரியையிடம் கேட்டான். அரசாங்கம் பதில் சொன்னது.

அடுத்த வாரம் அவனுடைய அம்மா தொலைபேசியில் பேசினார். "டீச்சர், வீட்டில் எதிலும் கையெழுத்துப் போட விடமாட்டேன் என்கிறான். முழுவதும் வாசித்தீர்களா என்று அப்பாவைக் கேட்கிறான். ஊரில் இருக்கும் காணியின் உறுதியைக்கூடக் காட்டச் சொல்கிறான்." அவர் சிரித்தபடிதான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சொன்ன பதில் வரலாற்றுப்படியும் முழுமையானதல்ல. 1805-இல் அதிகாரிகள் மறுபடியும் வந்தபோது மிசிசாகா மக்களின் சார்பில் குவினிபெனோன் பேசினார். நிலத்தை விற்றதாகச் சொல்லப்படும் தலைவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள், முன்னோர் செய்ததைத் தங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பேச்சில் எவ்வளவு நிதானம்! இருந்தும் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு 10 ஷில்லிங் என்று எழுதினார்கள். 2010-இல் கனடா அரசு 14.5 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது என்றால், அந்த மக்கள் இரு நூற்றாண்டுகளாகியும் கேட்பதை விடவில்லை என்றுதானே பொருள்? என் வகுப்பில் அவர்கள் ஏமாந்தவர்களாக மட்டுமே வந்து போனார்கள். திருப்பிக் கேட்டவர்கள் வரவே இல்லை. கேட்ட ஒருவனையும் நான் வாயடைத்தேன்.

இந்த ஆண்டும் அந்தப் பாடம் வருகிறது. குவினிபெனோனிலிருந்து தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். வெற்றுத் தாளைக் கைவிடவும் மனமில்லை. அதைப்போல் எதுவும் அவர்களைத் தொட்டதில்லை.

பள்ளி ஆண்டின் கடைசி நாளில் அவனுடைய தாளைத் தேடியெடுத்துக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். மீன்கொத்தியைப் பார்த்தான். மேலே இருந்த என் வரிகளை விரலால் தேய்த்துப் பார்த்தான். பேனா மை, அழியவில்லை.

"நான் கேட்டது எழுதாத தாளை, மிஸ்" என்றான்.